இருபத்தேழாம் அறையின் உளவாளி

மகளை விடுதியில் விட்டுவிட்டுத்தானே வருகிறீர்கள்? நீங்கள் சொல்லவேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே தெரிந்துகொண்டேன். உங்கள் சேலைத் தலைப்பில் புது வாளியின் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாளி அங்கே இருக்கிறது, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். வேறென்ன? முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவள் நான். எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஃபைல்கூட நகர்ந்ததில்லை.

உடன் தங்கும் பிள்ளைகளைப் பார்த்தீர்களா? இரண்டு பேரா. அதில் அதிகம் பேசாதவள் யார்? அந்த ஒல்லியான பெண்ணா? அவள்தான். மகளுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். பேசுகிற பெண்ணைப் பற்றிப் பயமில்லை.

கொஞ்சம் இப்படிச் சாய்ந்துகொள்ளுங்கள். முன்சீட்டுக்காரர் தூங்குவதுபோல் இருக்கிறார். உண்மையில் தூங்குகிறவருக்குத் தலை இப்படி ஆடாது.

எழுபத்து நான்காம் வருஷம். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி. பேர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். என் பேர் உலகம்மாள். எங்கள் தென்காசியில் தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு, அந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான். உலகு என்று கூப்பிடுவார்கள். விலங்கியல் இரண்டாம் வருஷம். விடுதியில் இருபத்தேழாம் அறை. மூன்று கட்டில், மூன்று டிரங்குப் பெட்டி, ஒரு ஜன்னல்.

ஜன்னலோரக் கட்டில் பத்மாசனிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வாய் ஓயாது. பேசாத நேரத்தில் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். அவளை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. வாயை மூடத் தெரியாதவள் எப்படி உளவு சொல்வாள்? உளவுக்கு ஓர் அடக்கம் வேண்டும்.

கதவோரக் கட்டில் தவமணிக்கு. போடிநாயக்கனூர்ப் பெண். நாம் பேசும்போது நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பாள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டதை மனதில் குறித்துக்கொள்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு தாமதமாகும். நடுக்கட்டில் எனக்கு.

வார்டன் பேர் மிஸ் நவநீதம். அவருடைய தாயாருக்குக் கண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வார்டன் வீட்டுக்குப் போய் அந்த அம்மாளுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது தவமணியின் வேலை. அதற்காக அவளுக்கு விடுதியில் இலவசமாக இடம். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டனிடம் ஒரு கறுப்பு நோட்டு உண்டு. தப்புச் செய்தால் அதில் பேர் ஏறும். மூன்று தரம் ஏறினால் அப்பாவுக்குக் கடிதம், பெட்டி வாசலுக்கு. மற்றப் பிள்ளைகளுக்கு அது ஓர் அவமானம், அவ்வளவுதான். எனக்கு அது கல்யாணம். சங்கரன்கோவிலில் என் அத்தை மகன் மாவு மில் வைத்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் புருவத்திலிருந்து கால்நகம் வரைக்கும் வெள்ளை. தும்மினால் பக்கத்தில் இருப்பவர் முகம் மறைந்துவிடும். அப்பா பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லிவிட்டார். “விடுதில இருந்து ஒரு கடுதாசி வந்துச்சுன்னா வையி, அடுத்த முகூர்த்தத்துல நீ சங்கரன்கோவில்ல இருப்ப. படிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். அதனால் நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருப்பேன், நினைத்துப் பாருங்கள். ஜாக்கிரதையாக இருந்தும் மாட்டினேன் என்றால் உள்ளே ஆள் இருந்திருக்கவேண்டும் இல்லையா?

முதலாவது, அப்பளம். மெஸ்ஸில் தலைக்கு ஒன்றுதான் போடுவார்கள், அதுவும் நமத்துப்போயிருக்கும். பத்மாசனிக்கு வீட்டிலிருந்து ஒரு கட்டு வந்தது. நான்தான் யோசனை சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் முதுகெலும்பிகள் பாடப்புத்தகத்தின் இரண்டு பாகங்களை முட்டுக்கொடுத்து, மேலே அப்பளத்தைப் போட்டு ஒரு கைக்குட்டையால் அழுத்தினால், பொரபொரவென்று வந்துவிடும். வாசனை தெரியாமல் இருக்க ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி போட்டோம். பக்கத்து அறைப் பிள்ளைகள் எங்களுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு கச்சிதம்.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வார்டன் சொல்கிறார், “உலகம்மாள், இந்த விடுதியில் இஸ்திரிப் பெட்டி துணிக்கு மட்டும்தான்.” கறுப்பு நோட்டில் ஒன்று. அதிலும் பாருங்கள், என் பேர் மட்டும்! தின்றது மூன்று பேர். பத்மாசனி மட்டும் பதினொன்று தின்றாள். வேண்டுமென்றே என்னை மட்டும் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கண் டாக்டர். வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கண் மங்குகிறது, டாக்டரிடம் போகிறேன், துணைக்குப் பத்மாசனி என்று எழுதி வாங்கிக்கொண்டு மேட்னி ஷோவுக்குப் போனோம். தவமணியையும் கூப்பிட்டேன். “வர்றியா?” என்றதற்கு, “இல்ல உலகு, ரெக்கார்டு எழுதணும், நீங்க போயிட்டு வாங்க” என்றாள். வந்திருந்தால் அவளும் மாட்டுவாள் அல்லவா? முன்யோசனை!

டாக்டரிடம் போனதற்கு அத்தாட்சி வேண்டுமே. பத்மாசனியின் மாமா மதுரையில்தான் இருந்தார். அவருடைய பழைய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். சோடாபுட்டி. வராந்தாத் தூணுக்கு மன்னிப்புக் கேட்டேன். மோர் என்று நினைத்து ரசத்துக்குள் கையை விட்டேன். காவல்காரரை எங்கள் துறைத்தலைவர் என்று நினைத்து “குட் ஈவினிங் மேடம்” என்றேன். அவர் அன்று இரவு முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தாராம். பத்மாசனி, “ஏண்டி, படியிலே உருண்டு செத்துக்கித்துத் தொலையாதேடி. எங்க மாமா கண்ணாடிக்கு யார் பதில் சொல்றது?” என்று என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வார்டன் கூப்பிட்டார். “கண்ணாடியைக் கழற்று. படம் கண்ணாடி இல்லாமலே தெரிந்ததாமே?”

இரண்டு. இனி ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்கு அப்பால் மாவு மில்.

உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு தரமும் திங்கட்கிழமை. அப்படியென்றால் விஷயம் ஞாயிற்றுக்கிழமை போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் என்ன நடக்கும்? தலைக்குக் குளிப்போம், துணி துவைப்போம், மத்தியானம் சாப்பிட்டதும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவோம், தூங்குவோம். நான் என் அக்காவுக்கு எழுதுவேன். அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள். அவளிடம் எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. அந்த வாரத்து விஷயம் எல்லாவற்றையும் ஒரு தபால் கார்டில் நுணுக்கி நுணுக்கி எழுதுவேன், விலாசத்துக்குப் பக்கத்தில்கூடக் குறுக்கே எழுதுவேன். இடம் போதாது, அதனால் மற்றவர்களைப் பற்றியெல்லாம் எழுதுவதில்லை. என்னைப் பற்றித்தான். எழுதி வார்டன் வீட்டு வராந்தாவில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிடுவோம். திங்கட்கிழமை காவல்காரர் தபாலாபீசுக்குக் கொண்டுபோவார். இது எல்லாரும் செய்வது. ஆனால் மாலையில் வார்டன் வீட்டுக்குள் போகிறவள்? ஒருத்திதான்.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பெட்டியின் சாவியா? வார்டனிடம்தான் இருக்கும், வேறு யாரிடம் இருக்கும்? ஏன் கேட்கிறீர்கள்? நமக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அது விதி, எல்லாருக்கும் தெரியும். வெளியே போகிற கடிதத்தில் அவர்களுக்கு என்ன? அதிலும் கார்டு. ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் எழுதுவதுதானே கார்டு? அதைப் போய் யார் படிப்பார்கள்!

சரி, கேளுங்கள். பொறி வைத்தேன். தவமணியிடம் மட்டும், தனியாக, குளியலறைப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பொய் சொன்னேன். “யாருக்கும் சொல்லாத. வியாழக்கிழமை நானும் பத்மாசனியும் லேபுல இருக்க தவளையையெல்லாம் திறந்துவிடப் போறோம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “ஐயோ, பாவம் பார்த்தா செய்யிற? அதுக வெயில்ல எங்க போகும் உலகு? கிணத்துப் பக்கம் விடு” என்றாள்.

எவ்வளவு தந்திரம், இடத்தையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள்! அந்த ஞாயிறு அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இப்படி ஒருத்தி இருக்கிறாள், இப்படிப் பொய்யாக ஒரு பொறி வைத்திருக்கிறேன், தவளையும் இல்லை ஒன்றும் இல்லை, நாளைக்கு மாட்டுவாள் பார் என்று.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்தது. வார்டன் எங்கள் வரிசையைப் பார்த்தார். “தவளைகள் பத்திரமாக இருக்கின்றன. பொறி வைத்து ஆள் பிடிக்கிற நேரத்தில் பாடம் படிக்கலாம்.”

நல்லவேளை, நோட்டில் பேர் ஏறவில்லை. பாருங்கள் அவள் சாமர்த்தியத்தை. விஷயத்தையும் சொல்லியிருக்கிறாள், அது பொறி என்பதையும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். பத்மாசனி மெல்லுவதை நிறுத்திவிட்டு, “எனக்கே நீ இப்பத்தானேடி சொன்னே பொறின்னு. அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன்.

அக்கா என் கார்டுகளை எல்லாம் வைத்திருந்தாள், தெரியுமா? அவள் காலமான பிறகு அவளுடைய பீரோவில் கட்டுக் கட்டாக இருந்தன. அப்பளம், கண் டாக்டர், தவளை, ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பென்சிலால் கோடு. அந்த இடங்கள்தான் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்ட இடங்கள். நாலாவதுக்கு மேல் படிக்காதவள், எப்படிச் சரியாகத் தேர்ந்து கோடு போட்டிருக்கிறாள்! அன்றைக்கு அந்தப் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். என் எழுத்தை அவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

அதற்குப் பிறகு தவமணியோடு பேசுவதை நிறுத்தினோம். நாங்கள் மட்டும் இல்லை, மாடி முழுவதும். நான் ஒன்றும் கூட்டம் போடவில்லை. அறை அறையாகப் போய் உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். மெஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். விடியற்காலையில் குளிக்க வரிசையில் வாளி வைப்போம். அவள் வாளி எத்தனையாவதாக இருந்தாலும், பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கும்போது கடைசியில் இருக்கும். தண்ணீர் நின்றபின் அவள் முறை வரும். வெறும் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். ஒரு வார்த்தை சண்டை போடவேண்டுமே! ஊஹூம்.

ஒரே ஒரு நாள் கேட்டாள். “உலகு, நான் என்னா செஞ்சேன்?”

“ஒனக்குத் தெரியாதாக்கும்.”

“தெரியலையே.”

“தெரியாத மாதிரி நடிக்கியே, அதைத்தான் செஞ்ச.”

அவள் கட்டில் சட்டத்தை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்விட்டாள். அப்படி நிற்பதையெல்லாம் பார்த்து நாம் ஏமாந்துவிடக்கூடாது.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை எனக்கு ஒரு பாட்டு வந்தது. எனக்கு அப்போதெல்லாம் பாட்டு வரும். நவநீதம் என்றால் வெண்ணெய் இல்லையா? இப்படி:

வெண்ணெய் என்று பேர் வைத்தார்,
வெயிலில்கூட உருகவில்லை.
கண்ணை எங்கே வைத்தாரோ,
கதவு ஒன்றும் தடுக்கவில்லை.

மாடியில் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பத்மாசனிக்கு முறுக்கு புரையேறியது. தவமணிகூடக் கதவோரம் இருந்து சிரித்தாள். நாங்கள் அவளோடு பேசாமல் இருந்தோம், அவள் பாட்டுக்குச் சிரித்தாள். ஞாயிறு மத்தியானம் பாட்டை அக்காவுக்கு எழுதினேன். எங்கள் வார்டனைப் பற்றி நான் கட்டியது என்று கீழே குறிப்பும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.

அன்று மாலை தவமணி சீக்கிரமே திரும்பி வந்தாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. ஒரு கையைத் தாவணிக்குள் வைத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தாள். வயிற்றுவலியாக இருக்கும்.

“உலகு, கோவிச்சுக்காம கேளு. நீ அக்காவுக்கு எழுதுன கார்டை வார்டன் மேசையில பார்த்தேன். அந்தப் பாட்டு எழுதுன கார்டு. அவங்க இன்னும் படிக்கலை. இனிமே கார்டுல எழுதாத. அவங்க...”

நான் அவளை முடிக்க விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் கார்டு ஏன் அங்க போச்சு? காலு மொளைச்சு நடந்து போச்சா? பெட்டியில கெடந்ததை எடுத்து மேசையில வச்சது யாரு? கார்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? படிச்சியாட்டி?”

வராந்தாவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தவமணி எல்லாரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாவணிக்குள் வைத்த கையை எடுக்கவே இல்லை. தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள் பாருங்கள்! திருடின இடத்தையும் சொன்னாள், திருடின பொருளையும் சொன்னாள், பழியை மட்டும் வார்டன் மேல் போடப் பார்த்தாள். ஒரு வார்டனுக்கு வேலை இல்லையா, கார்டு படித்துக்கொண்டிருக்க?

அன்றைக்கு நான் தூங்கவில்லை. மூன்றாவது தரம். விடிந்தால் பேர் ஏறும். நான் எழுந்து பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டேன். சங்கரன்கோவில், மாவு மில், பெல்ட் சுற்றுகிற சத்தம் எல்லாம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை. பிரார்த்தனை. வார்டன் முகம் கடுகடுவென்று இருந்தது. “என் மேசையிலிருந்து ஒன்று காணாமல் போயிருக்கிறது. எடுத்தவர் யார்?” என்றார். என்ன பொருள் என்று சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. ஏதோ விலை உயர்ந்த பொருளாக இருக்கவேண்டும்.

தவமணி எழுந்து நின்றாள்.

“எங்கே அது?”

“கிழிச்சுப் போட்டுட்டேன் மிஸ்.”

“அதில் என்ன இருந்தது?”

“ஞாபகம் இல்லை மிஸ்.”

“யாருடையது?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டன் மூன்று தரம் கேட்டார். எனக்குப் பக்கத்து வரிசைதான். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தெரியாது மிஸ்” என்றாள். அவ்வளவுதான். இடம் போயிற்று. அந்த வாரமே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். விடுதி இல்லாமல் போடியிலிருந்து மதுரைக்குத் தினம் வந்து படிக்க முடியுமா? படிப்பும் போயிற்று. வகுப்பில் முதலாவதாக வருகிறவள். கெட்டிக்காரத்தனம் இருந்து என்ன, கை சும்மா இருக்கவில்லையே.

என் பேர் கறுப்பு நோட்டில் ஏறவில்லை. பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உளவாளி தன் விவகாரத்திலேயே மாட்டிக்கொண்டதில் என்னைச் சொல்ல நேரம் இருந்திருக்காது.

அந்த வாரத்துக் கார்டு அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. “கார்டு தவறிப்போகுது போல, இனிமே கவர்ல போட்டு நல்லா ஒட்டி அனுப்பு” என்று அக்கா எழுதினாள். தபால் இலாகா அப்போதே அப்படித்தான். அதிலிருந்து கவரில்தான் எழுதினேன். இன்னொன்றையும் பாருங்கள்: தவமணி போனதிலிருந்து கடைசி வருஷம் வரைக்கும் ஒரு புகார் கிடையாது. எவ்வளவோ செய்தோம். கிறிஸ்துமஸ் சமயம் அதே இஸ்திரிப் பெட்டியில் முட்டைகூடப் பொரித்தோம். ஒரு திங்கட்கிழமையும் என் பேர் வரவில்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் உங்களுக்கு?

டிகிரி வாங்கினேன். சர்வீஸ் கமிஷன் எழுதினேன். என் காலில் நின்றேன். மாவு மில் அத்தானுக்குக் கடையத்தில் வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

தவமணி போன அன்று குதிரை வண்டி வந்தது. பத்மாசனி எதையோ தின்றுகொண்டே அழுதாள். தவமணி என் கட்டில் பக்கம் வந்தாள். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “உலகு, நல்லா படி” என்றாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வரியும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். வண்டி போன பிறகு அவள் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை. வருஷம் முழுவதும் மெத்தை சுருட்டி வைத்தபடியே கிடந்தது. எனக்கு ஏனோ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வராது.

இருபது வருஷத்துக்கு முன்னால் பத்மாசனி போடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் தவமணியைப் பார்த்தாளாம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தாளாம். பத்மாசனிதான் போய்ப் பேசியிருக்கிறாள், அவளுக்கு யாரிடம்தான் பேசத் தெரியாது. வந்து என்னிடம் சொன்னாள். “வேற ஒண்ணுமே கேக்கலைடி. உலகு டிகிரி முடிச்சுட்டாளான்னு கேட்டா. முடிச்சா, தாலுகா ஆபீஸ்லே பெரிய உத்தியோகம்னேன். ‘அது போதும்’னா. மறுபடி குனிஞ்சுண்டு ஏலக்காயைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா.”

எது போதும்? என் டிகிரியில் அவளுக்கு என்ன? தாலுகா ஆபீஸில் எத்தனையோ பொய்க் கையெழுத்தைக் கண்டுபிடித்தவள் நான், இந்த ஒரு வார்த்தைக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. ஏதோ மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள். போடிக்கு ஒரு நடை போய் நேரில் கேட்டுவிடலாம் என்று வருஷா வருஷம் நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு தரம் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

எதற்குக் கண்ணைத் துடைக்கிறீர்கள்? மகளுக்குப் போன் போடப் போகிறீர்களா? போடுங்கள், போடுங்கள். நான் சொன்னதைச் சொல்லுங்கள், அந்த ஒல்லிப் பெண்ணைப் பற்றி... என்ன? அந்தப் பெண்ணோடு நன்றாகப் பழகச் சொல்லப்போகிறீர்களா? ஏன் அப்படி? நான் இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா இல்லையா?